எதிர்க் கட்டடத்து ட்ரை ஐஸ்

நொரீனின் முதல் அடி காரெட்டின் காதோரம் விழுந்தது. உறைபெட்டியில் படியும் பனியைத் தட்டி உதிர்க்கும் ரப்பர் சுத்தியல்தான் அவள் கைக்கு அகப்பட்டது.

"கிறுக்கி! கம்பெனி உன்னோடது மட்டுமா?" காதைப் பொத்திக்கொண்டு கத்தினான் காரெட்.

இருவரும் சேர்ந்து தொடங்கிய மருந்து ஆய்வகம் அது. மருந்துக் கம்பெனிகள் நெருக்கியடிக்கும் இந்தக் கெண்டால் சதுக்கத்து வாடகை கட்டுப்படியாகாது, ஒகையோ மாநிலத்து நாட்டுப்புறத்துக்குப் போய்விடலாம் என்று நச்சரித்தவன், இன்று சொல்லாமல் கொள்ளாமல் உறைபெட்டியை ஏற்றிப்போக லாரியோடு வந்து நின்றான்.

"நீ போ. பெட்டி வராது."

பெட்டிக்குள் குப்பிகளில் உறைந்து கிடந்தது குழந்தைகளின் இரத்தம். ஆற்றுக்கு அக்கரை மருத்துவமனையில், மருந்தில்லாத நோயோடு போராடி இறந்துபோன பிஞ்சுகள். இனி ஒரு சொட்டு எடுக்க முடியுமா, சொல்லுங்கள்? அது உருகினால் அந்த நோய்க்கு மருந்து தேடும் வழியும் அதோடு போயிற்று.

காரெட் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். குடுவைகள் சரிந்து நொறுங்கின. நெற்றி கிழிந்து கண்ணில் இரத்தம் வழிய, அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல்லில் எலும்பு தட்டியது. வலியில் வெறிபிடித்தவன் தீயணைப்பு உருளையைத் தூக்கி வீசினான். அவள் குனிந்தாள். உருளை பெட்டிக் கதவில் இறங்கியது. கீல் பிய்ந்து கதவு தொங்க, வெண்புகை தரையில் வழிந்தது. அபாயமணி அலறியது.

நொரீன் தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்கு ஓடினாள். வாசலில் காபியோடு நின்றான் ஃபுர்டாடோ. போன வருடம் ஒரு சண்டையில் அவன் மூக்கை உடைத்து வேலையைவிட்டு அனுப்பியவளே அவள்தான். அவன் வீடுகூட மாற்றவில்லை. தெருவைத் தாண்டி எதிரிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்.

"என்ன அம்மணி, மிச்ச மூக்கும் வேணுமா?"

"பெட்டி உடைஞ்சிருச்சு. பசங்க ரத்தம்..."

காபி தரையில் விழுந்தது. "டேய், ட்ரை ஐஸ் எடுங்கடா! இருக்கிறதெல்லாம்!" அவன் போட்ட கூச்சலில் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் அந்த உறைந்த கரியமில வாயுக் கட்டிகளைப் பெட்டி பெட்டியாகச் சுமந்து ஓடிவந்தார்கள். தங்களுக்குள் வழக்கு வாய்தா எது இருந்தாலும், ஒருவர் பெட்டி படுத்துவிட்டால் அந்தத் தெருவே ஓடும்.

உடைந்த குடுவையை நீட்டியபடி காரெட் வாசலை மறித்தான். "எங்க ரகசியத்துல எதிராளி கை வைக்கக் கூடாது!"

ஃபுர்டாடோவின் தோளைக் கண்ணாடி கிழித்தது. பதிலுக்கு அவன் குத்திய குத்தில் காரெட்டின் இரண்டு பற்கள் தெறித்தன. விழுந்தவனைத் தாண்டி உள்ளே போனான்.

"மூணாவது தட்டுதானே? நான் அடுக்குன மாதிரியே வச்சிருக்கே."

கடைசிக் குப்பிவரை ஐஸுக்குள் போயிற்று. ஒன்றும் உருகவில்லை.

"ஒகையோவுல..." என்று இரத்தத்தைத் துப்பினான் காரெட்.

"அங்க நாம அடிச்சுக்கிட்டுச் செத்தா, எட்டிப் பாக்க மாடுதான்டா வரும்," என்றாள் நொரீன்.

எதிர்க் கட்டடத்து உறைபெட்டியில் குப்பிகளைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டான் ஃபுர்டாடோ. "லாரி போனதும் வந்து வாங்கிக்க."

கைகுலுக்க அவள் கை நீட்டினாள். அவன் பிடிக்கவில்லை. அவசரத்தில், தொட்டாலே தோலைப் பொசுக்கும் அந்த ஐஸைக் கையுறை போடாமல் அள்ளியிருந்தான். விரலெல்லாம் தோலுரிந்து கிடந்தது.