சுற்றிலும் கம்பி

வெள்ளானூரில் படகு நிற்கிற வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். கடலுக்கும் வெள்ளானூருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. இருந்தாலும் பரந்தாமன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், டிரெய்லர் மேல், நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒரு பாய்மரப் படகு நின்றது. துறைமுகத்துப் பக்கம் எவனோ வேண்டாம் என்று கழித்துக்கட்டியதை வாங்கிவந்து தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார் மனுஷன். வருஷா வருஷம் தை பிறந்ததும் ஜீப்பில் கட்டிப் பழவேற்காட்டுக்கு இழுத்துப் போவார். பெண்டாட்டி ஹேமாவதியும் கூடப் போவாள். அவள் அவரோடு சண்டை போடாமல் ஒரு முழு நாள் இருந்தாள் என்றால் அது அந்தப் படகில்தான்.

பிறகு வந்தது பாழாய்ப்போன அந்த நோய். முதலில் விரலில் ஆரம்பித்தது, சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை. அப்புறம் கால் இழுத்தது. நரம்பு நோய், மருந்து கிடையாது என்றார் டாக்டர். முதலில் கைகால் போகும், அப்புறம் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு. யாருக்கோ வந்த நோயைப் பற்றிக் கேட்பதுபோலப் பரந்தாமன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும், படகைச் சரிபண்ண வேண்டும், நடக்க முடிகிறபோதே ஒருதரம் கடலுக்குப் போய்வர வேண்டும் என்றார். ஹேமாவதிக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. ஆசை என்று ஒன்று மிச்சம் இருக்கிறதே, அதுவே போதும் என்று நினைத்தாள்.

படகின் மேல்தளத்து இரும்புச் சாமானெல்லாம் ஓய்ந்துபோயிருந்தது. கயிறு சுற்றும் கொம்புகளில் கயிறே அறுத்து அறுத்துப் பள்ளம் விழுந்திருந்தது. பாய்மரத்தைப் பிடித்திழுக்கும் பட்டைகளில் விரிசல். ஓரமாக ஆள் விழாமல் இருக்க நட்ட கம்பிக்கால்கள், தொட்டால் ஆடும் பல்லைப்போல ஆடின. இதற்கெல்லாம் ஆள் தேடிக் கடைசியில் பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் திருமுருகனைப் பிடித்தார்கள். அடுக்குமாடி வீடுகளுக்கு ஸ்டீல் கம்பியில் பால்கனித் தடுப்பு போடுகிறவன். படகைக் கிட்டத்தில் பார்ப்பதே அவனுக்கு அதுதான் முதல் தடவை. பரந்தாமன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். அவன் அளவெடுத்துக்கொண்டான்.

போகும்போது தண்ணீர் கேட்டுச் சமையலறைப் பக்கம் வந்தவன் சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னான்.

"கம்பிக்காலு எதுவும் வாணாம்ட்டாரும்மா. கரையில கட்ற கொக்கி, நங்கூரம் மாட்ற வளையம், அதுவும் வாணாமாம். பாய் பக்கம் மட்டும் ஸ்ட்ராங்கா போட்டா போதும்ன்றாரு."

ஹேமாவதி அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். எத்தனை வருஷம் அந்தப் படகில் போயிருக்கிறாள்! ஒவ்வொரு கம்பிக்காலையும் ஆட்டிப் பார்க்காமல் அவளை ஏறவே விட்டதில்லை அவர். நங்கூரத்தை மறந்துவிட்டு வந்ததற்காகப் பாதி வழியில் வண்டியைத் திருப்பிய ஆள். கரையில் கட்டத் தேவையில்லை, நிறுத்தத் தேவையில்லை, விழுந்தாலும் பரவாயில்லை. காற்றில் போனால் மட்டும் போதும். திரும்பி வருகிற எண்ணமே அவருக்கு இல்லை.

அவரிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது? இருமலில் அவர் திணறும்போதெல்லாம், இந்த மனுஷன் நினைப்பதில் என்ன தப்பு என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றும். உடனே தன்மேலேயே ஆத்திரம் வரும். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இழுத்துக்கொண்டு கிடந்தாலும் அவர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த நியாயம்.

மறுநாள் பட்டறைக்கே நேரில் போய்விட்டாள். மெட்ரோ வேலையில் ரோடெல்லாம் புழுதி. கொக்கி, வளையம், கம்பிக்கால் எதையும் விடாதே, சார் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்றாள். எவ்வளவு ஸ்ட்ராங்கா வேணும் என்று கேட்டான்.

"உன் கொழந்தைய ஏழாவது மாடி பால்கனியில விளையாட விட்டா எப்படிப் போடுவ? அப்படிப் போடு."

அப்படியே போட்டான். அந்த வாரம் பரந்தாமனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், இவளும் அங்கேயே கிடந்தாள். திருமுருகன் ஆட்களோடு வந்து, நெருப்புப் பொறி படாமல் தளத்தில் ஈரச் சாக்கைப் பரப்பி, கம்பிக்கால்களை முடுக்கி, இடுப்பு உயரத்துக்குக் குறுக்குக் கம்பிகளை வெல்டு வைத்து, பளபளவென்று பாலிஷ் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே பரந்தாமன் படகைப் பார்க்க வேண்டும் என்றார். தார்ப்பாயை விலக்கினாள். கம்பிகளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"யாரைக் கேட்டு இதைப் போட்ட?"

"என்னைக் கேட்டுத்தான்."

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். இவள் பின்னாலேயே ஏறித் தாங்கினாள். ஏணி உச்சிக்குப் போனதும்தான் ஹேமாவதிக்கு விளங்கியது. பழைய கம்பியில் பின்பக்கம் ஆள் நுழைய ஓர் இடைவெளி இருந்தது, சங்கிலி போட்டு மாட்டிக்கொள்வார்கள். பால்கனிக்கு எவனாவது வெளிப்பக்கம் வழி வைப்பானா? முன்னும் பின்னும் ஒரு விரற்கடை விடாமல் சுற்றிப் பற்றவைத்திருந்தான் திருமுருகன்.

பரந்தாமன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாண்டி உள்ளே போக வலது காலைத் தூக்கினார். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. வேட்டியைக் கையால் பற்றிக் காலையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தார். பாதம் கம்பியில் இடித்துக் கீழே விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினார். பிறகு கம்பிமேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் தோள் குலுங்குவது இவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

பரந்தாமன் போன் போட்டதும் திருமுருகன் பதறிவிட்டான். நெமிலிச்சேரியில் வேலையாக இருந்தவன் கம்பி அறுக்கும் கட்டரோடு ஓடிவந்தான். பரந்தாமன் ஏணிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மன்ச்சுக்கோ சார், எனுக்குத் தோணவேயில்ல. பத்து நிமிசம். அறுத்து வழி வுட்டுர்றேன்."

கட்டரின் வயரைப் பிரித்துக்கொண்டே பிளக் எங்கே என்று ஹேமாவதியைப் பார்த்தான். பரந்தாமனும் அவளைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. இப்போது அந்தக் கண் கெஞ்சியது.

"வேணாம்ப்பா. இருக்கட்டும்," என்றாள். "நீ கெளம்பு."

திருமுருகன் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வயரைச் சுருட்டினான். அவன் வண்டி தெரு தாண்டியதும் பரந்தாமன் கேட்டார்.

"நான் மூச்சு முட்டி அந்தக் கட்டில்லயே கெடந்து சாகணும். அதான உனக்கு வேணும், ஹேமா?"

"ஆமா," என்றாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது, கொசு பிடுங்கியது. அவர் தானாக எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் கையை நீட்டினாள். அந்தக் காலி மனையில் அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. பிடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டு வாசல்வரை அவள் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.