விட்டுப்போன இரண்டு புள்ளிகள்

நோட்டில் இருபத்திரண்டு புள்ளிகள் வைத்திருந்தேன். இரண்டை அழித்தேன்.

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. பெண்கள் சாக்கைத் தராசில் வைப்பார்கள். நான் எடையைக் கம்ப்யூட்டரில் பதிவேன். தபால் வழியில் பி.காம். படிக்கிறேன். புள்ளியியல் பாடத்தில் ஒரு பயிற்சி வந்தது. உங்களைச் சுற்றியிருப்பவற்றில் இரண்டு அளவுகளை எடுத்து வரைபடம் போட வேண்டும், இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவைக் கணக்கிட வேண்டும், புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோடு பொருத்த வேண்டும். கடைசிக் கேள்வி: ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா? விளக்குக.

பெண்களின் வயதையும், ஒரு வாரத்தில் அவர்கள் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்தின் சராசரி எடையையும் எடுத்துக்கொண்டேன். கையில் இருந்தது அதுதான்.

புள்ளிகள் மேலே இடப்பக்கம் தொடங்கிக் கீழே வலப்பக்கம் இறங்கின. இரண்டு மட்டும் அடங்கவில்லை. இருபத்தாறு வயது டின்சி, பத்தொன்பது கிலோ. ஐம்பத்தைந்து வயது சின்னத்தாய், முப்பத்தெட்டு கிலோ. தனித்து நிற்கும் புள்ளிகளைக் கவனிக்கவும் என்று புத்தகத்தில் இருந்தது. கவனித்தேன். அசிங்கமாக இருந்தன. எடுத்துவிட்டேன். ஒட்டுறவு மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்று ஆனது. ஒரு வயது கூடினால் முக்கால் கிலோ குறையும் என்றது கோடு. கடைசிக் கேள்விக்கு, ஆம், முதுமை காரணம், என்று எழுதினேன்.

அசிஸ்டென்ட் மேனேஜர் ரிஜின் சார் என் மேசையில் அதைப் பார்த்தார்.

"பிலோமி, இது நீ போட்டதா? கொள்ளாமே, நல்லாருக்கே. எனக்கு ஒரு காப்பி அனுப்பு."

அனுப்பினேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்று வாரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐம்பது கடந்தவர்களுக்கு அடுத்த மாதத்தோடு வேலை இல்லை. வேலையாள் பெயர்ப் பதிவான செக்ரோலில் பெயர் இல்லாவிட்டால் தோட்டத்து லயத்தில் வீடும் இல்லை. எட்டுப் பேர். நோட்டீஸின் அடியில் என் கோடு இருந்தது.

சின்னத்தாய் அத்தை என் அடுத்த வாசல். அவளும் மகள் கற்பகமும் அந்த ஒற்றை அறையில். கற்பகத்தின் நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம்.

"இந்தக் கோட்டுல நான் எங்கடி இருக்கேன்?" என்று கேட்டாள்.

"நீங்க இல்லத்தே. எடுத்துட்டேன்."

"நல்லவேள. இருந்திருந்தா வேலைய விட்டுல்ல நிறுத்தியிருப்பாய்ங்க."

சிரித்தாள். குழாயடியில் தண்ணீர் குடத்துக்கு வெளியே விழுந்துகொண்டிருந்தது. நகர்த்தி வைத்தேன்.

"அந்த வாரம் எப்படித்தே முப்பத்தெட்டு எடுத்தீங்க?"

"நான் ஒம்பதாங் காட்டுல இருந்தேன்ல. டின்சிப் புள்ள பெத்துப்போட்டு வந்திருந்தா. நாலுல என் எடத்த அவளுக்குக் குடுத்துட்டு ஏறிட்டேன்."

எனக்குத் தெரியும். இங்கே எல்லோருக்கும் தெரியும். நாலாம் நம்பர் காடு, அதாவது தோட்டத்தின் நாலாம் பகுதி, ரோட்டை ஒட்டிச் சமமாகக் கிடக்கிறது. வெள்ளைக்காரன் நட்ட கிழட்டுச் செடி, கொழுந்து குறைவு. மூட்டு வலிக்காரிகளுக்கும் பிள்ளை பெற்று வந்தவர்களுக்கும் மற்றவர்கள் அதை விட்டுவிடுவார்கள். ஒன்பது செங்குத்து. புதுச் செடி, கொழுந்து தழைத்து நிற்கும். என் அம்மாவும் கடைசி ஆறு வருடம் நாலில்தான் பறித்தாள். யாரும் அதை எழுதி வைத்ததில்லை. நானும் எழுதவில்லை. அழித்த புள்ளிகள் இரண்டும், அவர்கள் இருவரும் இடம் மாறிக்கொண்ட ஒரே விஷயம்தான்.

மறுநாள் ரிஜின் சாரிடம் சொன்னேன்.

"இருபது பேர் சொல்றத விட்டுட்டு ரெண்டு பேர் சொல்றத நான் மேல எப்படிச் சொல்வேன்? டேட்டா கொண்டு வா."

அதை அத்தையிடம் சொன்னேன். திங்கட்கிழமை காலை, எட்டுப் பேரும் நாலாம் நம்பரைத் தாண்டி ஒன்பதுக்கு ஏறினார்கள். இளையவர்கள் நாலில் இறங்கினார்கள். நான் தராசருகே நின்றேன். ஆறு நாள். சின்னத்தாய் முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தேழு. இளையவர்கள் யாரும் இருபத்திரண்டைத் தாண்டவில்லை. நாலாம் நாள் அத்தை சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கினாள். முழங்காலில் வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

புதிய கோடு மேல்நோக்கி ஏறியது.

"வயசு ஏற ஏறக் கொழுந்து கூடுதாம்த்தே."

"அப்ப நூறு வயசுல கம்பெனி எனக்குத்தான். ஒனக்கு ஒரு வேல போட்டுத் தாரேன், போ."

ரிஜின் சார் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"வயசு இல்ல, காடுதான்."

"ஆமா சார்."

"அப்ப இவங்களா காடு பிரிச்சுக்கிறதுதான் பிரச்சனை."

தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நேரத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

நோட்டீஸைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டினார்கள். யாருக்கும் வேலை போகாது. இனி எல்லாக் காட்டுக்கும் எல்லோரும் வாரத்துக்கு ஒரு காடாக முறை வைத்துப் போக வேண்டும், வயதோ வேறெதுவோ கணக்கில்லை. யார் எந்தக் காடு என்று நான் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதற்கு ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இந்த வாரம் ஒன்பதில் சின்னத்தாயும் டின்சியும். மாலையில் சாக்கைத் தராசில் வைத்துவிட்டு அத்தை தராசுத் தூணைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் டின்சி நின்றாள். பால் கட்டி அவள் ரவிக்கை நனைந்திருந்தது.

"எத்தன?"

"முப்பத்தொண்ணு."

"எழுதிக்கோ."

எழுதினேன். காடு என்ற கட்டத்தில் ஒன்பது என்று பதிந்தேன். அவள் தூணை விடவில்லை. நான் அடுத்த சாக்கை வைக்கச் சொல்லவில்லை. டின்சி தன் சாக்கைத் தரையில் இறக்கி வைத்தாள்; வரிசை காத்திருந்தது.