நகத்தில் திரும்பாத சிவப்பு

மக்காச்சோள மூட்டை தூக்கித் தூக்கிக் காசிநாதனுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. கல்லங்குறிச்சி ரோட்டோரம் குந்தி முதுகை நிமிர்த்தினான். அப்போதுதான், அவனுக்குச் சோறு கொண்டுவந்த மனைவி உண்ணாமலையைச் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று இடித்துச் சாய்த்தது.

ஓடிப்போய்த் தூக்கினான். எங்கும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் 108க்குப் போன் போட்டார். மற்றவர்கள் அவளை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, வழக்கம்போல் லாரிக்கு முன்னால் கல்லைப் போட்டு மறித்தார்கள். அடிபட்ட ஆளை அனுப்பிவிட்டால் லாரி முதலாளி பிடிகொடுக்கமாட்டார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. உண்ணாமலையின் அண்ணன் இளையபெருமாள்தான் நஷ்டஈட்டுப் பேரத்துக்கு முன்னால் நின்றான்.

108 ஆம்புலன்சில் வந்திறங்கிய மருத்துவ உதவியாளர் லாவண்யா, உண்ணாமலையின் விரல் நகத்தை அழுத்தி, விட்டுப் பார்த்தாள். வெளுத்த நகம் சிவப்பு திரும்பாமல் வெளுத்தபடியே இருந்தது. கை சில்லிட்டு வியர்த்திருந்தது. மணிக்கட்டில் நாடியைத் தேடவேண்டியிருந்தது. உடனே ஏற்றச் சொன்னாள்.

"இருங்கம்மா, மொதலாளி வந்துட்டிருக்காரு. நல்லாத்தானே பேசுறா? ரத்தம் எங்க, காட்டுங்க பாப்போம்" என்றான் இளையபெருமாள்.

"வெளிய வந்தாத்தான் ரத்தமாண்ணே? வவுத்துக்குள்ள கொட்டுது. கை காலுக்கு ஓட்டம் கொறஞ்சிபோச்சு, அடுத்து மூளைக்கும் கொறையும்."

காசிநாதன் மனைவியைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான்.

"கொஞ்சம் பொறுங்க. பேசி முடிச்சிடட்டும்" என்றான்.

முதலாளி வருவதற்குள் உண்ணாமலைக்குப் பேச்சு குழறியது. புருஷனையே யாரென்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் பதறித் தூக்கினார்கள். லாவண்யா அவளை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினாள். ஆக்சிஜன் வைத்து, கம்பளி போர்த்தி, டிரிப் ஏற்றினாள். ரத்தம் தயாராக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னாள். அரியலூரில் யாரோ தானம் கொடுத்திருந்த ரத்தத்தை ஏற்றினார்கள். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போதே அடங்கிவிட்டாள்.

கருமாதியன்று இளையபெருமாள், முதலாளியை லேசில் விடக்கூடாது என்று ஆரம்பித்தான்.

"இடிச்சது லாரி மச்சான். சாவ வுட்டது நாம" என்றான் காசிநாதன். "அடிபட்டவங்கள மொதல்ல ஏத்தி அனுப்பணும். நியாயத்தப் பொறவு பேசிக்கலாம். லாரி எங்க போயிடும்? உசுரு போயிடுச்சே."

மறுநாள் ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனான். சோதித்துப் பார்த்துவிட்டு, உன் உடம்பிலேயே ரத்தம் பத்தாது, தேறிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முகம் தெரியாத ஒருவருக்கு அவன் இன்னும் ஒரு பாட்டில் ரத்தம் பாக்கி.