கட்டிலைச் சுற்றிக் கயிறு

கும்மிடிப்பூண்டி பைப் கம்பெனியில் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுக்கும்போது, சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களை அண்டவிடாமல் விரட்டுவதுதான் சாலமோனின் வேலை. இப்போது அவருடைய புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ஆரம்பநிலைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, அரிசிமணி போன்ற கதிர்வீச்சு விதைகளைச் சுரப்பிக்குள்ளேயே வைத்து அனுப்பிவிட்டார்கள். புதுவாயல் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, கட்டிலைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினார்.

“இன்னாய்யா கூத்து இது?” என்றாள் மனைவி எஸ்தர்.

“உள்ள வராத. கதிர்வீச்சு.”

“டாக்டரு சொல்லும்போது நானுந்தான கூட இருந்தேன்? மாசமா கீற பொம்பளைங்களும் சின்னப் புள்ளைங்களும்தான் கொஞ்ச நாளு ஒட்டி உக்காரக் கூடாதாம். நான் இன்னா, இந்த வயசுல மாசமாவா கீறேன்?”

“சொன்னா கேளு. கயிறுன்னா கயிறுதான்.”

மேனேஜரையே கயிற்றைத் தாண்டவிடாத மனுஷன். ஆனால் கயிற்றுக்கு உள்ளே அவரே கிடப்பது இதுதான் முதல் தடவை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எஸ்தர் கொல்லைப்பக்கம் போனாள். துவைத்த துணிகளை அள்ளிவந்து, அந்தக் கயிற்றிலேயே உதறிக் காயப்போட்டாள். பிறகு அதில் தொங்கிய ஈரப்புடவையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

“தள்ளிப் படுய்யா,” என்றாள். “எனக்கும் இடம் வேணும்.”