டெல்மர் ஓட்டாத வண்டி

இந்தப் பழைய கார் பைத்தியங்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஓடாத வண்டியை ஓட வைக்க உயிரைக் கொடுப்பார்கள். ஓட ஆரம்பித்த மறுநாளே, இன்னும் நன்றாக ஓடட்டும் என்று அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போடுவார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே மேவுட் பக்கம் அப்போது தெருவுக்கு இரண்டு பேருக்காவது இந்த வியாதி இருந்தது. ஹார்லன் டாக்கெட்டுக்கு அது முற்றிப் போயிருந்தது.

வண்டி முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு. கூரை கிடையாது. ஃபான்டானாவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் கோழிக்கொட்டகையில் கிடந்ததை ஹார்லனும் அவன் தம்பி டெல்மரும் இழுத்து வந்தார்கள். சீட்டுக்குள்ளிருந்து கோழி எச்சத்தைச் சுரண்டியது டெல்மர். மண் தடுப்புத் தகடுகளைக் கழற்றி எறிந்ததும், விபத்தில் நசுங்கிய வேறொரு வண்டியின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வாங்கிப் பொருத்தியதும், அதன் தலையில் இரண்டு கார்புரேட்டர் வைத்ததும் ஹார்லன். ஹாட் ராட் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். பார்க்க எலும்புக்கூடு மாதிரி இருக்கும், ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. எல் மிராஜ் என்ற வறண்ட ஏரியில், பாலைவனத்தின் நடுவே, அதை ஒருநாள் ஓட்ட வேண்டும் என்பதற்காக இருவரும் இரண்டு வருஷம் கொல்லைக் கொட்டகையில் கிடந்தார்கள். அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் கரண்டியால் அடித்துச் சாப்பாட்டுக்கு இழுத்து வந்திருப்பாள். அப்பா யூவல் அப்படியெல்லாம் செய்யக்கூடியவர் இல்லை. டிராம் பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஒரு காது மந்தமாகிப் போனவர். கொல்லைப் படியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி மகன்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்.

ஐம்பத்தொன்றில் டெல்மருக்குப் பட்டாளத்து ஓலை வந்தது. பயிற்சி முடித்து ஜூலையில் பத்து நாள் லீவில் வந்தான். லீவு முடிந்ததும் கொரியாவுக்குக் கப்பல். லீவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல் மிராஜில் பந்தயம். அந்தத் தேதியைப் பார்த்துத்தான் லீவே கேட்டு வாங்கியிருந்தான். ஒரே ஒரு தடவை அந்த ஏரியில் ஓட்டிவிட்டுப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு பெண்ணைக்கூடத் தேடிப் போகவில்லை.

வந்த சனிக்கிழமையே எஞ்சினைக் கிளப்பினார்கள். முதல் உறுமலில் பக்கத்து வீட்டு நாய் வேலிக்குள் ஓடி ஒளிந்தது. எஞ்சினைக் கட்டியவன்தான் முதலில் ஓட்டுவது என்பது அவர்களுக்குள் வழக்கம். அதனால் ஹார்லன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான், டெல்மர் பக்கத்தில். தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் ஹார்லனின் முகம் மாறிவிட்டது. எஞ்சினுக்குள்ளிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கேட்டான்.

“என்ன டாக்டரே, ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா?” என்றான் டெல்மர்.

ஹார்லன் சிரிக்கவில்லை. அடியில் பேரிங் போய்விட்டது என்றான். அந்த வருஷம் மே மாதம்தான் அவர்கள் கார் கிளப்பைச் சேர்ந்த ஒருவனுக்கு ஏரி நடுவே பேரிங் போய், பிஸ்டன் கம்பி எஞ்சினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதைப் பார்த்தவனுக்குப் பயம் வராதா? பயம் நியாயமானதுதான். ஆனால் அவனுக்குப் பின்னால் படியில் உட்கார்ந்திருந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காது மந்தமான மனுஷரிடம் சத்தத்தைப் பற்றி என்ன கேட்பது என்று நினைத்தானோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைச் சங்கிலியில் கட்டி வெளியே தூக்கினார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் டெல்மர் சாப்பிட ஏதாவது வாங்கி வரப் போயிருந்தபோது ஹார்லன் அடித்தட்டைக் கழற்றினான். பேரிங்குகள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. மேலே வந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்ததில், பெட்ரோல் பம்பை இடித்துக்கொடுக்கும் ஒரு சாண் நீளக் கம்பியின் நுனி தேய்ந்திருந்தது. சத்தம் போட்டது அதுதான். வண்டியில் இருக்கும்போதே கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மாற்றாமலே விட்டிருந்தாலும் ஏரியில் ஒன்றும் ஆகியிருக்காது.

டெல்மர் ஹாம்பர்கரோடு உள்ளே வந்து, “என்னாச்சு?” என்று கேட்டான்.

“பேரிங்தான்” என்றான் ஹார்லன்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவன் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டான். வெட்கம் ஒரு காரணம். எஞ்சின் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று திரிந்தவன் இப்படிக் கோட்டை விட்டால் தம்பி ஆயுள் பூராவும் கிண்டல் செய்வான். இன்னொரு காரணம் அதைவிட மோசம். எஞ்சின்தான் வெளியே வந்துவிட்டதே, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போட்டுவிடலாமே என்று தோன்றியது. இருக்கிறபடி ஓடினால் மணிக்கு நூற்றிப்பத்து மைல் வரும். நூற்றிருபதைத் தாண்டினால்தான் பந்தயச் சங்கத்தார் பெயர் பொறித்த பித்தளைத் தகடு தருவார்கள். நூற்றிப்பத்தோடு திரும்பி வருவதற்கா இரண்டு வருஷம் உழைத்தோம்? நாலு நாளில் முடித்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை தம்பி நூற்றிருபதில் பறப்பான் என்று மனதார நம்பினான். அந்த நம்பிக்கை பொய் இல்லை. சொன்ன வார்த்தைதான் பொய்.

வியாழக்கிழமை தருகிறேன் என்ற லேத் பட்டறைக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் தந்தார். ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்களெல்லாம் ஏரியில் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தபோது, டெல்மர் கொட்டகையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பட்டாளத்துச் சமையல்காரனைப் பற்றி ஏதேதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்தான். திங்கட்கிழமை காலையில் ஹார்லன் ஆறு மணி வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், அப்பாதான் டெல்மரைப் பஸ் ஏற்றிவிட்டார்.

செப்டம்பரில் டெல்மரிடமிருந்து கடிதம் வந்தது. மழை, சேறு, வாயில் வைக்க முடியாத சோறு என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், “நல்லவேளை நீ அந்தச் சத்தத்தைக் கேட்டாய். இல்லாவிட்டால் நான் ஏரியில் எஞ்சினை உடைத்து உன்னிடம் உதை வாங்கியிருப்பேன்” என்று எழுதியிருந்தான். ஹார்லன் அன்றைக்கே உண்மையை எழுத உட்கார்ந்தான். மூன்று தாள் கிழிந்தது. நான்காவது தாளில் புதுப் பிஸ்டனின் அளவை எழுதித் தபாலில் போட்டான். திரும்பி வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். அக்டோபரில் தந்தி வந்தது. பெயருக்குப் பதில் வெறும் எண் போட்ட ஏதோ ஒரு குன்றின் மேல் டெல்மர் செத்துப் போயிருந்தான்.

அதன் பிறகு ஹார்லன் ஏழு மாதம் கொட்டகைக் கதவைத் திறக்கவில்லை. மே மாதம் திறந்தான். இரண்டு வாரத்தில் வண்டியை முடித்தான். பந்தய ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே அதை அப்பாவின் பிக்கப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு எல் மிராஜுக்குக் கிளம்பினான். கூப்பிடாமலே அப்பா வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். 

தகட்டில் ஓட்டியவன் பெயர்தான் பொறிப்பார்கள். வண்டி யாருடையதானாலும் சரி, எஞ்சினை யார் கட்டியிருந்தாலும் சரி, ஸ்டியரிங்கைப் பிடித்தவன் பெயர். அந்த ஏரியில் இதற்கு மட்டும் யாரும் விதிவிலக்குக் கேட்டதில்லை. பெயர் பதியும் மேசையில் வெர்னா என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். டாக்கெட் சகோதரர்களை அவளுக்குத் தெரியும். ஹார்லன் அட்டையில் ஓட்டுபவர் என்ற இடத்தில் டெல்மர் டாக்கெட் என்று எழுதிக் கொடுத்தான். அவள் படித்தாள், நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், அட்டையைக் கட்டோடு சேர்த்து வைத்தாள்.

வெயில் ஏறுவதற்குள் அவன் முறை வந்தது. கொடி விழுந்ததும் மிதித்தான். ஏரி பலகை மாதிரி தட்டையாக, வெடித்துக் கிடந்தது. பின் சக்கரம் இரண்டு முறை வழுக்கி நேரானது. மூன்றாவது கியரில் எஞ்சின் ஒரே குரலாகப் பாடியது. டிக் டிக் இல்லை, ஒரு பிசிறும் இல்லை. அவன் கட்டியவற்றிலேயே ஆகச் சிறந்த எஞ்சின் அது. காற்று கன்னத்தை இழுத்தது, கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி வழி மங்கியது. இந்தச் சுகத்தைத்தான் தம்பியிடமிருந்து பிடுங்கினேன் என்று நினைத்தபோது கால் தானாகவே இன்னும் அழுத்தியது. திரும்பி வந்ததும் நேரச் சீட்டைக் கொடுத்தார்கள். டெல்மர் டாக்கெட், நூற்றிருபத்திரண்டு மைல். கிளப்காரர்கள் வந்து முதுகில் தட்டினார்கள். பெயரைப் பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஏதோ ஒரு பாரம் இறங்கியது போல் ஹார்லனுக்கு இருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனான். அவர் பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீட்டை மெதுவாகப் படித்தார்.

“ஓட்டினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப இவன் பேரு எதுக்கு?”

சாயங்காலம் தகடு தருவார்கள், அதில் தம்பி பெயர் இருக்கட்டும் என்று நினைத்தேன் என்றான் ஹார்லன். வண்டி அவனுடையதும்தான், அவனும்தான் உழைத்தான் என்றான். அப்பா சீட்டை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

“அவன் ஓட்டலயே.”

அந்த ஒரு வார்த்தையில் ஹார்லன் உடைந்துபோனான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். பேரிங் நன்றாக இருந்தது, பம்புக் கம்பிதான் சத்தம் போட்டது, திங்கட்கிழமையே எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன், நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால் அவன் இதே இடத்தில் ஓட்டியிருப்பான் என்று சொல்லிச் சொல்லி அழுதான். அப்பா அவன் அழுது முடிக்கும் வரை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பம்புக் கம்பின்னு எனக்கு மொத நாளே தெரியும்” என்றார். “நீங்க தெருமுனை திரும்பறப்பவே கேட்டுது. ஒரு காதுதான் போச்சு எனக்கு.”

“ஏம்ப்பா சொல்லல?”

“நீ கேட்டியா?” அவர் குரலில் கோபம் இல்லை. “நீயா கண்டுபிடிப்பேன்னு இருந்தேன். அது என் தப்பு. அதை நான் சுமந்துக்கறேன். ஆனா அவன் கேட்டான். செவ்வாக்கெழம வந்து கேட்டான், சொல்லிட்டேன்.”

ஹார்லன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான்.

“‘ஹார்லனுக்கும் தெரியும்ப்பா, முகத்தப் பாத்தாலே தெரியுது, நீ ஒண்ணும் சொல்லிடாத, அவன் கூசிப் போயிருவான்’னு சொன்னான். அப்புறம் போயி வெளக்கப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டான்.”

அப்படியானால் அந்தக் கடிதம்? நல்லவேளை நீ கேட்டாய் என்று எழுதியவன் எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறான். அண்ணன் நிம்மதியாக இருக்கட்டும் என்று சேற்றில் உட்கார்ந்து ஒரு பொய் எழுதி அனுப்பியிருக்கிறான். அதற்குப் பதிலாகத்தான் ஹார்லன் பிஸ்டன் அளவை எழுதிப் போட்டான். மன்னிப்புக் கேட்கும் முன்பே மன்னித்துவிட்டுப் போனவனிடம் இனி எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

“கோவமா இருந்தானா?” என்று கேட்டான்.

அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “கோவமில்ல. ஆனா ஓட்டணும்னு ரொம்ப ஆசப்பட்டான், ஹார்லன். பஸ்ஸுல ஏர்றப்ப, ‘தெருமுனை வரைக்குமாவது ஒரு தடவ ஓட்டியிருக்கலாம்ப்பா’ன்னான். உன்னத் தேத்துறதுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்.”

 ஆளுக்கு இரண்டு ஓட்டம் உண்டு. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. டெல்மர் டாக்கெட், இரண்டாவது ஓட்டம், வண்டியைக் கோட்டுக்குக் கொண்டு வரவும்.

ஹார்லன் எழுந்திருக்கவில்லை.  டெல்மர் டாக்கெட் என்று மறுபடியும் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் திரும்பி இவர்கள் பக்கம் பார்த்தார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது அப்பா பின்பலகையிலிருந்து இறங்கி, முழங்காலைப் பிடித்தபடி நிமிர்ந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“நீ இரு” என்றார். “அவன் வரலன்னு நான் போயி சொல்லிட்டு வரேன்.”