மூன்று சங்கு

காலை எட்டு மணிக்கே முகத்துக்குப் பவுடர் பூசி உட்காரவைக்கப்பட்ட மீனாம்பிகை, பத்தரை மணிவரைக்கும் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். ஒரே தேங்காயைத்தான் திரும்பத் திரும்ப அரைத்தாள். அம்மி நிஜமான அம்மி. பின்னால் நின்ற வீடு மட்டும் பலகையில் அடித்துப் பெயின்ற் பூசியது. பலமாகச் சாய்ந்தால் விழுந்துவிடும் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார்கள்.

கோப்பாயில் அறுவடை முடிந்த புகையிலைத் தோட்டமொன்றை வாடகைக்கு எடுத்து, வடகரையின் பழைய சீமெந்து ஆலையொன்றின் குவாட்டஸை எழுப்பியிருந்தான் றொகான். பருத்தித்துறைப் பெடியன். எண்பத்து நாலாம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அடித்த கூத்தையெல்லாம் ஒரு சிரிப்புத் தொடராக்கி இணையத்தில் விடப்போகிறான். நிஜக் குவாட்டஸ் இடிந்து பற்றை மூடிப்போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதில் குடியிருந்தவர்களைத் தேடிப் பிடித்து, இந்தப் பலகைக் குவாட்டஸில் குடியேற்றியிருந்தான்.

மீனாம்பிகையின் புருஷன் செல்வநாயகம் அந்த ஆலையில் சூளையடியில் வேலை பார்த்தவர். கடைசியாக ஒரு கடைக்குக் காவலிருந்தார். கமரா பூட்டியாயிற்று, இனி ஆள் தேவையில்லை என்று போன மாதம் நிறுத்திவிட்டார்கள். கமராவால் போன வேலை கமராவாலேயே திரும்பி வருகிறது என்று அவரே பகிடி விட்டார். கேற் எங்கே நின்றது, இடுப்பில் சாரத்தை எப்படிக் கட்டினார்கள் என்றெல்லாம் றொகானுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. இன்றைய காட்சி சரிவந்தால், மிச்சத் தொடர் முடியும்வரை ஆறு மாதத்துக்கு இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தான். அறுபத்தெட்டு வயது மனுஷனை இனி வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? ஒன்றையும் குழப்பிப்போடாமல் வாயை மூடிக்கொண்டு அரைக்க வேண்டுமென்று வீட்டிலேயே அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

காட்சி சின்னதுதான். ஆலைச் சங்கு நீளமாக ஒரு தரம் ஊதும். சீமெந்து படிந்த ஆண்கள் கழுத்தில் இலக்கத் தகடு தொங்க, சிரித்துக் கதைத்தபடி கேற்றால் வெளியே வரவேண்டும். முகத்துக்கு மாவும் சாம்பலும் பூசி, பித்தளை நிறமடித்த மட்டைத் தகடுகளை மாட்டி நின்றார்கள். முன்வரிசையில் செல்வநாயகத்தையும் சேர்த்து ஆறு பேர் உண்மையான ஆலைக்காரர். பின்னால் நின்றவர்கள் இளசுகள்.

சங்குச் சத்தத்தைப் போடுகிறவன் கஜீபன். சங்கும் கொஞ்சம் பகிடி விடட்டுமே என்று, ஒருவரிடமும் கேட்காமல் அதைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தான்.

சங்கு ஊதியது. குறுக்கி, மூன்று தரம்.

மீனாம்பிகை குழவியை விட்டு எழுந்தாள். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருக்க, கமராவுக்குக் குறுக்கே கேற்றை நோக்கி ஓடினாள். அங்கே அந்த ஆறு பேரும் சிரிப்பை நிறுத்தி, தகட்டைக் கழற்றித் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்த இளசுகள் அவர்கள் முதுகில் மோதினார்கள். அவள் ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தாள். பன்னிரண்டு. நாற்பது. முப்பத்தொன்று. முப்பத்தொன்றைப் பிடித்திருந்தவர் தன் புருஷன் என்பது சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

"கட்" என்றான் றொகான்.

புருஷனுடைய வேலையைக் கெடுத்தாயிற்று. செல்வநாயகம்தான் முன்னுக்கு வந்து, தலையைக் குனிந்தபடி விளக்கம் சொன்னார். நீளமாக ஒன்று என்றால் வேலை முடிந்தது. குறுக்கி மூன்று என்றால் உள்ளே விபத்து. பெண்டுகள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கேற்றடிக்கு ஓடுவார்கள். உள்ளே விடமாட்டார்கள். தூசு மூடிய முகத்தில் ஆரென்று மட்டுக்கட்ட முடியாது. அதனால் உயிரோடு வருகிறவன் தகட்டை உயர்த்திக்கொண்டு வருவான். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் கை தானாகப் போய்விட்டது, தம்பி மன்னிக்க வேண்டும் என்றார்.

றொகான் கமராவடிக்குப் போனான். எடுத்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். பிறகு மீனாம்பிகையிடம் வந்து, யாருடைய இலக்கத்தைத் தேடினீர்கள் என்று மெல்லக் கேட்டான்.

"இருநூற்றிப் பன்னிரண்டு. என்ரை கூடப்பிறந்த முருகேசு அண்ணை" என்றாள் அவள். "அண்டைக்கு எல்லாற்றை தகடும் வந்தது தம்பி. அவற்றை தகடு மட்டும் வரேல்லை."

முருகேசுவின் முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிந்த மறுநாள் ஆலைக் கந்தோரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். உடலோடு வந்த தகடு ஆலையின் சொத்து என்று கையெழுத்து வாங்கி, அதைக் கொண்டுபோனார். அடுத்த மாதம் முகம் தெரியாத ஒருவன் இருநூற்றுப் பன்னிரண்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கேற்றால் வந்ததை அவள் தன் கண்ணால் கண்டாள். இதையும் சொன்னாள். வாயை மூடிக்கொண்டிருப்பதாக வந்தவள் இவ்வளவும் சொல்லிவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

றொகான் தோட்டக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். காட்சியை மாற்றப் போவதாகச் சொன்னான். மூன்று சங்கு அப்படியே இருக்கட்டும். எல்லாரும் தகட்டோடு வருவார்கள், ஒருவனை மட்டும் காணக் கிடைக்காது. கேற்றடி முழுக்கப் பதறும். கடைசியில் அவன் கக்கூசுக்குள்ளிருந்து அவதிப்பட்டு ஓடிவருவான், எல்லாரும் சிரிப்பார்கள்.

"உங்கடை மனம் நோகுமெண்டால் வேண்டாம் அம்மா."

மீனாம்பிகை கையிலிருந்த தேங்காய்ப்பூவைச் சேலையில் துடைத்தாள்.

"செய்யுங்கோ தம்பி. இதிலையெண்டாலும் அவர் வெளியிலை வரட்டும்."

செல்வநாயகத்தின் ஆறு மாத வேலையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. றொகானே போகிற போக்கில், நாளைக்கே சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா என்றான். வந்த நிம்மதியில் அவர் முகத்து மாவோடேயே தேத்தண்ணி குடித்தார். மீசை களியாய்ப் போனது. அவளுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

சாமான்களுக்குப் பொறுப்பான தனுஷா புது மட்டையொன்றை வெட்டி, பித்தளை நிறமடித்து, 212 என்று எழுதினாள். வெயிலில் காயவைத்தார்கள்.

பின்னேரம் மூன்று சங்கு மறுபடி ஊதியது. மீனாம்பிகை ஓடினாள். தகடுகள் உயர்ந்தன. அவள் பார்த்தாள், தேடினாள், இல்லை. பிறகு, காணாமற்போனவனாக நடித்த நிருஷன் என்ற பெடியன் ஒரு கையில் அவிழ்ந்த சாரமும் மறு கையில் உயர்த்திய தகடுமாகக் கக்கூசுக் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. ஒரே தரத்தில் காட்சி சரிவந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நிருஷன் தன் தகட்டைக் கழற்றி அவள் கையில் வைத்தான். வெயிலில் அது இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. அவள் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து, இலக்கம் தெரியும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

தனுஷா பிஸ்கற் தகரப் பேணியோடு ஒவ்வொருவராகத் தகடு சேர்த்துக்கொண்டு வந்து, அவள் முன்னால் நின்று பேணியை நீட்டினாள்.

"அதையும் தாங்கோ அம்மா. நாளைக்கு வேறை ஆளுக்குக் குடுக்கவேணும்."