கேசட் மேளம்

தென்காசியில் ஆதமின் ரிக்கார்டிங் கடைக்குள் முப்பிடாதியம்மாள் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கிக் கிடந்தது. ஆதம் டேப்ரிக்கார்டரின் வயிற்றைத் திறந்து மோட்டாருக்குள் ஏதோ ஒரு சின்னத் திருகைத் திருகிக்கொண்டிருந்தான்.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்ததிலிருந்து ஒரு லாட்ஜ் மைதானத்தில் தினமும் சாயங்காலம் அவளுக்குக் கரகாட்டம். நடத்துகிறவர் வீரபாகு. போன வருஷம் வரை நாதஸ்வரமும் தவிலும் உண்டு. தவில்காரர் அவள் பாதத்தைப் பார்த்துத்தான் அடிப்பார். அவள் தளர்ந்தால் அவரும் தளர்வார். இந்த வருஷம் வீரபாகு மேளத்தை நிறுத்திவிட்டு ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். கேசட் யார் காலைப் பார்க்கும்? நேற்று நடு ஆட்டத்தில் முழங்கால் மடங்கி, தலையில் இருந்த கரகம் சரிந்தது. கையால் பிடித்துவிட்டாள். ஆடும்போது கரகத்தில் கை படுவதைப் போல மானக்கேடு ஆட்டக்காரிக்கு வேறில்லை.

"இன்னொரு தடவ கை பட்டுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்று வீரபாகு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதனால்தான் மேளத்தை மெதுவாக்கித் தரச் சொல்லி அந்தக் கேசட்டோடு ஆதமிடம் வந்திருந்தாள்.

ஆதம் பட்டனை அமுக்கினான். தவில் மெதுவானது நிஜம்தான். நாதஸ்வரமோ சளி பிடித்த எருமையாகக் கத்தியது. முப்பிடாதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்ன பாய், எமன் ஏறி வாற எருமையா ஊதுது?"

"வேகத்தக் குறைச்சா சுதியும் எறங்கத்தான் செய்யும்க்கா. நாடா மெல்ல ஓடுதுல்லா."

"மனுசன் மெதுவா ஊதுனா எறங்கலயே?"

ஆதம் திருப்புளியைக் கீழே வைத்தான். இத்தனை வருஷத் தொழிலில் அவனிடம் இதை யாரும் கேட்டதில்லை.

"தவில்காரரு அடிய ஒண்ணும் இழுக்கமாட்டாரு பாய்" என்று முப்பிடாதி தரையில் தட்டிக் காட்டினாள். "ஒரு சுத்து முடிஞ்சதும் கொஞ்சம் எடம் விடுவாரு. எனக்கு அது போதும்."

ஆதமுக்கு ஆசை தொற்றிக்கொண்டது. திருகைப் பழையபடி வைத்தான். இரண்டு டேப்ரிக்கார்டரை ஒயரால் இணைத்தான். ஒன்று பாட, மற்றது பதிந்தது. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அவள் கையைத் தூக்க, அவன் பாடுகிற டேப்பைச் சற்றே நிறுத்தி மறுபடி ஓட விட்டான். நாதஸ்வரம் அந்தந்த இடத்தில் விக்கியது. சரி, அது வேண்டாம் என்று தவில் மட்டும் வரும் பகுதியை எடுத்துத் திரும்பத் திரும்பப் பதிந்தார்கள்.

போட்டுக் கேட்டபோது அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து கடைக்குள்ளேயே ஆடினாள். இடைவெளி வரும்போதெல்லாம் முழங்காலை நீட்டி ஒரு மூச்சு விட்டாள்.

"நான் நிக்கச் சொன்ன எடத்துல நிக்குது பாருங்க பாய்!" என்று டேப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அவளைப் போல சந்தோஷப்பட்டவர் தென்காசியில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கேசட்டின் முதல் பாதி முப்பிடாதிக்கு, மறு பாதி அவளுக்கு அடுத்து ஆடும் நீலாவுக்கு என்பது வழக்கம். நீலா பவுடர் பூசி, சலங்கை கட்டி, தன் முறைக்காக ஒலிபெருக்கிப் பக்கம் காத்திருந்தாள். முப்பிடாதியின் தலையில் கரகம் அசையவில்லை. சனம் கை தட்டியது. நீலாவின் நேரம் வந்தும் முப்பிடாதியின் தவில் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. வீரபாகு கேசட்டையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நீலாவிடம் திரும்பினார்.

"ஆட்டம் நல்லா நீண்டுட்டுல்லா. இனி முப்பிடாதி ஒருத்தியே ஆடிருவா. நீ நாளைக்கு வர வேண்டாம்மா."

"அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்கும்தான்."

"அண்ணாச்சி, அது என் காலுக்காவச் செஞ்சது..." என்று முப்பிடாதி ஆடிக்கொண்டே சொன்னாள். தவில் அவள் குரலை அமுக்கியது. தலையில் கரகம் இருந்ததால் திரும்பவும் முடியவில்லை.

சுற்று முடிந்து தவில் நின்றது. நீலா சலங்கையை அவிழ்க்கிற சத்தம் மைதானத்தில் தெளிவாகக் கேட்டது. முப்பிடாதி முழங்காலை நீட்டினாள். மூச்சு விடுவதற்குள் தவில் மறுபடி தொடங்கியது.